கர்த்தரை நடுவில் வைத்து ஒரு சண்டை

வெள்ளிக்கிழமையானால் பெருமாளின் டீக்கடையில் உட்கார இடம் கிடைக்காது. டீ ஒன்றும் அப்படிப் பிரமாதமில்லை, வடையும் முந்தின நாள் எண்ணெயில் போட்டதுதான். ஆனால் கடைக்கு நேர் எதிரே எங்கள் சபை இருக்கிறது. சபை வாசலில் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பவளமும் செல்லாயியும் மைக்கைப் பிடித்து ஜெபம் பண்ணுவார்கள். அதைக் கேட்கத்தான் அத்தனை கூட்டம். நெற்றி நிறைய நாமம் போட்ட பெருமாள் வழியில் என்னைப் பார்த்தால், "இந்த வாரம் கொஞ்சம் சப்புனு பூட்ச்சே பாஸ்டரம்மா" என்று உரிமையோடு குறைப்பட்டுக்கொள்வார்.

நான்தான் அந்த பாஸ்டரம்மா. என் வீட்டுக்காரர் தானியேல் இந்தக் களத்துமேட்டுச் சபைக்குப் பாஸ்டர். உத்திரமேரூரிலிருந்து வரும் டவுன் பஸ் டீக்கடை முன்னால் வந்து திரும்பி நிற்கும், அதற்கப்பால் வயல்தான். ஷீட் போட்ட ஒரு கூடம், ஒரு மைக், ஒரு டோலக், இருபதைத் தொடாத குடும்பங்கள், இவ்வளவுதான் எங்கள் சபை. இதற்குள் இரண்டு கட்சி.

பவளமும் செல்லாயியும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருப்பவர்கள். ஒரே நாளில் ஒரே ஏரித் தண்ணீரில் முங்கி ஞானஸ்நானம் எடுத்தவர்கள். பவளம் பெரியவள், ஆள் கொஞ்சம் பருமன், நடை நிதானம். செல்லாயி அவளுக்கு ஐந்தாறு வயது இளையவள், ஒல்லி, உடம்பில் இல்லாத சதையெல்லாம் நாக்கில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அவர்களைக் கூடப் பிறந்தவர்கள் என்றே நினைப்பார்கள். அப்படித்தான் இருந்தார்கள், போன கிறிஸ்மஸுக்கு முந்தின கிறிஸ்மஸ் வரைக்கும்.

அந்தக் கிறிஸ்மஸுக்குச் சபையில் அன்பின் விருந்து வைத்தோம். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அதற்குப் பெயரே அதுதான். பெரிய அண்டாவில் பிரியாணி. பவளம் அடுப்படிக்குத் தலைவி. செல்லாயி கறி கழுவினாள், வெங்காயம் அரிந்தாள், அண்டாவை விட்டு அசையாமல் பக்கத்திலேயே நின்றாள். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெரிய பாஸ்டர் வந்திருந்தார். அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தோம். முதல் வாயிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உப்பு என்றால் அப்படி ஒரு உப்பு. பெரிய பாஸ்டர் ஊழியக்காரராயிற்றே, "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். பெருமாள் தயிர்ப் பச்சடி வாளியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நான் அளவாத்தான் போட்டேன். யாரோ பூந்து கை வெச்சிக்கீறாங்க" என்றாள் பவளம், செல்லாயியைப் பார்த்துக்கொண்டு.

"நான் கரண்டியத் தொடவே இல்ல. ஆக்கத் தெரியாதவங்க அடுப்பாண்ட போவக் கூடாது" என்றாள் செல்லாயி, அண்டாவைப் பார்த்துக்கொண்டு.

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. நின்றது என்று சொல்வதுகூடத் தப்பு, நேராகப் பேசுவதுதான் நின்றது. கிறிஸ்தவர்கள் சண்டை போட்டால் சாட்சி கெட்டுப்போகும். ஆனால் ஜெபம் பண்ணினால் யார் தடுக்க முடியும்? அடுத்த வெள்ளிக்கிழமை செல்லாயி முக்காட்டை இழுத்துவிட்டு, கண்ணை மூடி, மைக்கைப் பிடித்தாள்.

"கர்த்தாவே, பூமிக்கு உப்பா இருங்கன்னு எங்களுக்குச் சொன்னீரே. ஒரு பிள்ளை அதத் தப்பாப் புரிஞ்சிக்கினு அண்டாவுல கொட்டிக்கீது. அதுக்கு நல்ல புத்தியக் குடும் ஆண்டவரே."

பவளம் சளைத்தவளா? அவள் முறை வந்ததும், "அப்பா, ஒளிஞ்சி நின்னு கை வெக்கிறவங்கள நீர் பாத்துக்கினு கீறீர். அந்தக் கைய மன்னியும். அது திருட்டுக் கை இல்ல, கொயுப்பெடுத்த கை. இருந்தாலும் மன்னியும்" என்றாள். டீக்கடையில் யாருக்கோ புரையேறியது ஸ்பீக்கர் சத்தத்தையும் மீறி உள்ளே கேட்டது.

அதிலிருந்து எல்லாமே கர்த்தர் வழியாகத்தான். செல்லாயியின் கோழி பவளத்தின் கீரைப் பாத்தியைக் கிளறினால், அந்தச் செய்தி முதலில் பரலோகம் போய், அங்கிருந்து ஸ்பீக்கர் வழியாகச் செல்லாயியின் காதுக்கு வரும். பவளத்தின் வீட்டுத் தண்ணீர் சுவரோரம் தேங்கினால் அதற்குப் பதில் அடுத்த வெள்ளிக்கிழமை அதே வழியாகத் திரும்பிப் போகும். கர்த்தர் பாவம், தபால்காரர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் ஆமென் ஒரு தனிப் பஞ்சாயத்து. ஒருவர் ஜெபித்தால் கூட இருப்பவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். நானும் இதற்குச் சம்மதம், அப்படியே ஆகட்டும் என்று அதற்கு அர்த்தம். பவளம் ஜெபித்தால் செல்லாயி வாயைத் திறக்க மாட்டாள். செல்லாயி ஜெபித்து முடிக்கும்போது பவளத்துக்குச் சரியாக இருமல் வந்துவிடும். மற்ற பெண்களும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிட்டதால் எங்கள் சபையில் எப்போதும் அரை ஆமென்தான் விழும். மழைக்காகவும் நூறு நாள் வேலைக்காகவும் ஜெபித்தால் மட்டும் முழு ஆமென் கேட்கும்.

என் வீட்டுக்காரர் சாதுவான மனிதர். ஒருவரிலொருவர் அன்பாயிருப்பதைப் பற்றி ஞாயிறு தவறாமல் பிரசங்கம் பண்ணிப் பார்த்தார். அன்பு பொறுமையுள்ளது, அன்பு எரிச்சலடையாது என்று தொண்டை வற்றச் சொல்வார். முடிந்ததும் வாசலில் செல்லாயி வந்து, "இன்னிக்கு நல்லா அவளுக்கு ஒறைக்கிற மாதிரி குடுத்தீங்க பாஸ்டர்" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் போன பிறகு பவளம் வந்து, "சொன்னீங்க, சரி. அவ மண்டையில ஏறணுமே" என்று பெருமூச்சு விடுவாள். அவர் வீட்டுக்கு வந்து ஃபேனுக்குக் கீழே பேசாமல் படுத்துக்கொள்வார்.

இதெல்லாம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, சுதா விஷயம் வரும் வரைக்கும்.

சுதா செல்லாயியின் ஒரே மகள். வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்து, பல வருஷம் ஏங்கி, இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. ஏழாம் மாசத்தில் கால் வீங்கி, பிரஷர் ஏறி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். பிரசவம் ஆகிற வரைக்கும் அங்கேயே இருக்க வேண்டும், கூட எந்நேரமும் ஒரு பொம்பளை ஆள் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சுதாவுக்கு மாமியார் இல்லை. புருஷனை வார்டுக்குள் விடமாட்டார்கள். செல்லாயிதான் போனாள். போன சில நாளிலேயே இங்கே அவள் புருஷன் ஏரிக்கரையில் வண்டியோடு விழுந்து காலை முறித்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தார். வீட்டில் கன்று போட்ட மாடு வேறு.

செல்லாயி இரண்டு பக்கமும் ஓடினாள். விடிந்ததும் புருஷனுக்கும் மாட்டுக்கும் பார்த்துவிட்டு பஸ் ஏறுவாள், மகளோடு கொஞ்ச நேரம் இருப்பாள், இருட்டுவதற்குள் திரும்பி ஓடி வருவாள். மற்ற நேரமெல்லாம் சுதா தனியாகத்தான் கிடந்தாள். ஒரு நாள் பாத்ரூமுக்கு எழுந்து போனவளுக்குத் தலை சுற்றியிருக்கிறது. கூப்பிட ஆள் இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறாள். பக்கத்துப் படுக்கைக்காரியின் அம்மா பார்த்து ஓடிப்போய்த் தாங்கியிருக்கிறாள். அன்றைக்கு நர்ஸ் செல்லாயியைப் பிடித்துக்கொண்டாளாம். விழுந்திருந்தால் தாயும் போயிருப்பாள், பிள்ளையும் போயிருக்கும், நீ என்னம்மா அம்மா என்று.

இந்த இடத்தில் பவளத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். களத்துமேட்டில் யாருக்குப் பிரசவம் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறவள் அவள்தான். புருஷன் காலமாகிவிட்டார், பையன்கள் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் ரூம் எடுத்துத் தங்கிவிட்டார்கள். அவளைப் பிடித்து இழுக்க வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது. ஆஸ்பத்திரிக்கென்றே ஒரு ஒயர் கூடை வைத்திருக்கிறாள். ஃபிளாஸ்க், தம்ளர், போர்வை, கிழித்து மடித்த பழைய சேலைத் துணி எல்லாம் அதில் தயாராக இருக்கும். அதிலும் சுதா அவளுக்கு யாரோவா? செல்லாயி நாற்று நடப் போன காலமெல்லாம் சுதா வளர்ந்தது பவளத்தின் இடுப்பில்தான். இன்றைக்கும் சுதாவுக்கு அவள் பெரிம்மா.

அப்புறம் என்ன, பவளம் கிளம்பிப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு செல்லாயி வீட்டுக்குப் போனேன்.

செல்லாயி சாயங்கால பஸ்ஸில் வந்திறங்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கண் உள்ளே போயிருந்தது. "அக்கா, பக்கத்து வூட்ல ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றேன்.

"நான் இன்னாத்துக்குக் கேக்கணும் பாஸ்டரம்மா?" என்றாள். "அவளுக்குத் தெரியாதா? செவுத்துக்கு அந்தாண்டதான கீறா, நான் அயுவுறது அவ காதுல வுயாதா? ஆண்டவரு நாம கேட்டுக்கினா வந்தாரு? கேக்காமயே வந்தாரு. அதுக்குப் பேருதான் அன்பு. கேட்டு வாங்கனா அதுக்குப் பேரு பிச்சை."

சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். பவளம் வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. "அவ அயுவுறது கேக்குது. எனக்கும் தூக்கம் இல்ல."

"அப்ப போவ வேண்டியதுதானக்கா?"

"எப்புடிப் போவேன்? நானா போயி நின்னா, ஒன்ன யாரு கூப்ட்டான்னு வார்டுல அத்தினி பேரு எதிர்ல கேட்டுட்டான்னா? அவ கேப்பா. அவ வாயி ஒனக்குத் தெரியாது. அவ என்னக் கேக்கட்டும், போறேன். ஆண்டவரே கேளு, குடுக்கறேன்னுதான சொல்லிக்கீறாரு? கேக்காத யாருக்குக் குடுத்தாரு?"

"அவங்க தெனமும் கேட்டுக்கினுதான் கீறாங்க, ஒரு ஆள அனுப்புன்னு."

"யாரு கைல கேக்கறா? கர்த்தரு கைல. கர்த்தரு பஸ் ஏறிப் போயி பெட்பேன் வெப்பாரா?"

உள்ளே பார்த்தேன், எப்போதும் ஆணியில் மாட்டியிருக்கும் ஒயர் கூடை ஆணியில் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது, மேலே போர்வை மடித்து வைத்திருந்தது. ஃபிளாஸ்க்கைக் கழுவித் திண்டில் கவிழ்த்திருந்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். "எலி கடிக்குதுன்னு எறக்கி வெச்சேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். இரண்டு பேரும் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கேட்காமல் கொடுப்பதுதான் அன்பு என்கிறாள் ஒருத்தி. கேட்டால் கொடுப்பதுதான் அன்பு என்கிறாள் இன்னொருத்தி. இரண்டு நியாயத்துக்கும் நடுவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கடவுளைத் தெரியாதவர்களாக இருந்திருந்தால் இந்நேரம் குழாயடியில் மயிரைப் பிடித்துச் சண்டை போட்டு, அன்று சாயங்காலமே ராசியாகியிருப்பார்கள். இவர்களோ பரிசுத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஜெபிக்கலாம்" என்றார்.

"அவங்களுக்கு வியாதியே அதாங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அந்த வெள்ளிக்கிழமை காஞ்சிபுரத்தில் ஊழியர் கூட்டம் இருக்கிறது, உபவாச ஜெபத்தை நீயே நடத்திவிடு என்றார். அன்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் பண்ணியிருக்கிறார், எங்கள் சபையில் அன்புக்காக அவர் செய்த மிகப் பெரிய உதவி அன்றைக்கு ஊரில் இல்லாமல் போனதுதான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே நான் சபைக்குப் போய்ப் பாய்களையெல்லாம் சுருட்டி ஷீட்டுக்குக் கீழே பரணில் போட்டுவிட்டேன். ஒரே ஒரு நீளப் பாய் மட்டும் விரித்தேன். உபவாசம் முடித்துக் குடிப்பதற்குக் கஞ்சி காய்ச்சி, பூண்டுத் துவையல் அரைத்து, பாய்க்குப் பக்கத்திலேயே மணக்க மணக்க வைத்தேன். உபவாசம் இருப்பவர்களுக்கு எதிரில் கஞ்சியை வைப்பது பாவமா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் கர்த்தர் மன்னிக்கட்டும்.

பெண்கள் வந்தார்கள். நான் சொல்லியனுப்பியதால் செல்லாயியும் ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரமே திரும்பியிருந்தாள். வழக்கமாகப் பவளம் வலது ஓரம், செல்லாயி இடது ஓரம். இன்றைக்கு ஓரமே இல்லை. "பாய்லாம் ஈரம்" என்று சொல்லி, ஆளாளாகப் பிடித்து உட்காரவைத்து, அந்த இரண்டு பேரையும் எதிரெதிரே முழங்காலில் நிறுத்திவிட்டேன். எல்லோரும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். பவளம் இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். ஒரு நுனியை அவள் பிடித்துக்கொண்டாள், மறுநுனியைச் செல்லாயி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். செத்த எலியைத் தூக்குவதைப் போல.

"இன்னிக்கு ஒரே ஒரு ஜெபக் குறிப்பு" என்று மைக்கில் சொன்னேன். "சுதாவுக்குத் துணைக்கு ஒரு ஆள். ஒருத்தர் வுட்டா இன்னொருத்தர், சங்கிலி ஜெபம். ஆளு கெடைக்கிற வரைக்கும் யாரும் முழங்கால்ல இருந்து எழுந்திரிக்கக் கூடாது. கஞ்சியும் கெடையாது."

"எம்முட்டி தாங்காதும்மா" என்றாள் ஆண்டாளம்மாள், எங்களில் வயதில் மூத்தவள். "சீக்கிரமா அனுப்பச் சொல்லு அவர."

வெளியே டீக்கடையில் பெஞ்சை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

ஆளாளுக்கு ஜெபித்தார்கள். யாரும் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருடைய ஜெபமும் பவளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஆண்டாளம்மாள் ரொம்பச் சுருக்கமாக, "ஆண்டவரே, யாருன்னு ஒமக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், ஆமென்" என்று முடித்துக்கொண்டாள். மைக் செல்லாயி கைக்குப் போனது. அந்நேரம் பஸ் வந்து திரும்பி நிற்கும் சத்தமும் கேட்டது.

"கர்த்தாவே" என்றாள் செல்லாயி. "எம்பொண்ணு ஒண்டியா கீறா. ஒரு ஆள அனுப்பும். எங்க ஒக்காந்துக்கினு கீதோ அங்கருந்து எயுப்பி அனுப்பும்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள், பவளம் இருமினாள். மைக்கை வாங்கினாள்.

"அப்பா, ஆளு எயுந்து ரொம்ப நாளாச்சி. கூப்பிடத்தான் ஆளக் காணோம்."

சங்கிலிப்படி மைக் அடுத்தவளிடம் போயிருக்க வேண்டும். செல்லாயி எதிரிலிருந்து எட்டிப் பிடுங்கிக்கொண்டாள். கண் மட்டும் இறுக்கி மூடியபடியே இருந்தது.

"ஆண்டவரே, இது இன்னா கலியாணமா, பத்திரிகை வெச்சி வெத்தல பாக்கு குடுத்து அயைக்கறதுக்கு?"

"பத்திரிகை வாணாம் கர்த்தாவே" என்றாள் பவளம். "வாயி போதும். அண்டாவாண்ட அம்மாம் நீளமா இருந்த வாயி இப்ப எங்க பூட்ச்சின்னு கேளும்."

"கேக்கறதா இருந்தா மொதல்ல அந்த அண்டாவுல யாரு..." என்று ஆரம்பித்த செல்லாயிக்குக் குரல் அடைத்துக்கொண்டது. ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் கேட்டது. "அண்டாவ வுடும் ஆண்டவரே. எனக்கு அண்டா வாணாம். எம்பொண்ணு செவுத்தப் புடிச்சிக்கினு நின்னாளாம். கத்துறதுக்குக்கூட தெம்பு இல்லாம நின்னாளாம். நான் இங்க மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தேன்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. இதற்கு எப்படிச் சொல்வது? வெளியே பஸ் இன்ஜின் ஓடும் சத்தம் நின்றுபோயிருந்தது. டீக்கடையில் தம்ளர் சத்தம்கூட இல்லை.

"கண்ணத் தொறடி" என்றாள் பவளம்.

மைக் இன்னும் செல்லாயியின் கையில்தான் இருந்தது, ஆனாலும் அது ஊர் முழுக்கக் கேட்டது. எங்கள் சபையில் ஜெபத்துக்கு நடுவே கண்ணைத் திறப்பது பெரிய குற்றம். செல்லாயியைத் தவிர எல்லோரும் திறந்துவிட்டோம்.

"கர்த்தாவே..." என்றாள் செல்லாயி, மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிய.

"நான் கர்த்தர் இல்ல. பவளம். எதிர்ல கீறேன். என்னப் பாத்துக் கேளு."

செல்லாயி கண்ணைத் திறந்தாள். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு இத்தனை காலமாக ஒருத்தி முகத்தை ஒருத்தி நேராகப் பார்க்கவில்லை. பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கர்த்தரிடம் மணிக்கணக்கில் கேட்கத் தெரிந்தவளுக்கு எதிரில் இருக்கிற மனுஷியிடம் ஒரு வரி வரவில்லை. ஏரியைத் தூர் வாரச் சொல்லியிருந்தால்கூட அவள் இதைவிடச் சுலபமாகச் செய்திருப்பாள். எடுத்துக் கொடுக்கலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன்.

"அக்கா" என்றாள் செல்லாயி கடைசியில். "சுதா கூட நீ போயி இருக்கிறியாக்கா? எனக்கு ஒன்ன வுட்டா யாரும் இல்ல."

பவளத்தின் முகம் கோணியது. கைக்குட்டையை இழுத்துக் கண்ணைத் துடைக்கப் பார்த்தாள், மறுநுனியைச் செல்லாயி விடவில்லை.

"இத கேக்க இம்மாம் நாளாடி ஒனக்கு? அவ எம்மேல கொஞ்சமாவா ஒண்ணுக்கு இருந்துக்கீறா? அந்தாண்டருந்து ஒரு கொரல் குடுத்திருந்தா செவுரேறிக் குதிச்சிப் போயிருப்பேனே."

"நீயா வந்திருக்கக் கூடாதா?"

"வந்திருக்கணும்" என்றாள் பவளம். "பயந்துக்கினேன். நீ போடின்னு சொல்லிட்டா அப்பறம் அந்தக் கொயந்த மூஞ்சியில நான் முயிக்கவே முடியாதேன்னு."

கைக்குட்டை கீழே விழுந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். இதை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது, வாசல் பக்கம் இருந்து பெருமாளின் குரல் கேட்டது.

"ஆமென்."

அதைத் தொடர்ந்து டீக்கடை பெஞ்சிலிருந்து நாலைந்து குரல். அப்புறம் பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெரிய ஆமென், ஜன்னல் ஜன்னலாக. எங்கள் சபை சரித்திரத்தில் மழைக்குக்கூட அப்படி ஒரு முழு ஆமென் விழுந்ததில்லை. அதில் எத்தனை பேர் சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள், எத்தனை பேர் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று கர்த்தர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கண்டக்டர் வாசலில் எட்டிப் பார்த்தார். "ஜெபம் முடிஞ்சிதா? டிரைவரு வண்டிய ஆஃப் பண்ணிட்டு ஒக்காந்துக்கினு கீறாரு. அந்தம்மா வர்றாங்களா இல்லியா, சொல்லுங்க, டைம் ஆவுது."

"வர்றேன், இரு நைனா" என்று பவளம் முழங்காலை ஊன்றி எழுந்தாள்.

"ஒன் ஒயர் கூட வூட்லதான கீது? நான் ஓடிப் போயி எடுத்தாறேன்" என்றாள் செல்லாயி.

பவளம் முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டாள். பதில் பெருமாளிடமிருந்து வந்தது. அவர் ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு கடையிலிருந்து வந்தார். "இங்கதான் கீது. டெய்லி காலையில கொண்டாந்து வெச்சிட்டு, சாயங்காலம் எத்துக்கினு பூடுவாங்க. நான் ஒண்ணியும் கேக்கல" என்றார்.

செல்லாயி அந்தக் கூடையைப் பார்த்தாள், பவளத்தைப் பார்த்தாள். ஃபிளாஸ்க்கை வெளியே எடுத்து, தூக்குச் சட்டியில் கஞ்சியை ஊற்றி, துவையலை இலையில் மடித்து, கூடைக்குள் வைத்தாள். "பட்டினியோட போவாத. பஸ்லயே குடி" என்றாள். ஃபிளாஸ்க்கில் பெருமாள் பாலை ஊற்றினார்.

பவளம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நாங்கள் எல்லோரும் பஸ்ஸைச் சுற்றி நின்றோம். அவள் தூக்குச் சட்டியைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, உப்பே இல்ல" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார், வண்டி நகர ஆரம்பித்தது. அவள் கூடவே நடந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அண்டாவுல நான்தான் ஒரு கைப்பிடி உப்பு போட்டேன். கம்மியா இருந்த மாதிரி இருந்திச்சி. கரண்டியத் தொடலன்னு சொன்னேன் இல்ல, கையாலதான் போட்டேன்."

"தெரியும்டி" என்றாள் பவளம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி. "நீ போட்டதப் பாத்துக்கினுதான இருந்தேன். எஞ்சமையல்ல கை வெக்கிறாளேன்னு கோவத்துல நான் இன்னும் ரெண்டு கைப்பிடி போட்டேன்."

பஸ் வேகமெடுத்து ஏரிக்கரைப் பக்கம் திரும்பியது. செல்லாயி புழுதிக்கு நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பும் கோபமும் மாறி மாறி வந்தன. எங்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பட்டினி வயிறு வேறு.

பெருமாள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, ரொம்ப நம்பிக்கையோடு அவள் பக்கத்தில் வந்தார். "அப்ப வர்ற வெள்ளிக்கெயம ஜெபத்துல இத கேப்பீங்க இல்ல?"

"வாணாம்" என்றாள் செல்லாயி. "நாளைக்குப் பஸ் ஏறிப் போயி அவளையே நேராக் கேட்டுக்கறேன்."